62 வயதில் வேனையே வீடாக்கலாமா?

உங்களுக்கு 62 வயது. 34 வருட மணவாழ்க்கையில் கடைசிப் பத்து வருடமாக வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. பிள்ளைகள் தனித்தனிக் குடும்பமாகிவிட்டார்கள். பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி அதையே வீடாக்கிக்கொள்ளலாமா, முழங்கால் வலி, இன்சுலின், இரவில் தூக்க மூச்சுத்தடைக்கான சிபேப் கருவி எல்லாம் இருக்கும்போது அது நடக்கிற காரியமா என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது வேனைப் பற்றிய கேள்வி. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த வீட்டைவிட்டு வெளியேறலாமா என்பது ஒன்று. வெளியேறினால் எங்கே இருப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்கு வெளியாள் யாரும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு என் பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

காரணம் எளிது. வெறும் சரக்கு வேனைக் குடியிருக்கத் தக்கதாக மாற்ற, அனுபவமுள்ளவர்களுக்கே சில மாதங்கள் ஆகலாம். வீட்டில் மூச்சுமுட்டுகிற அவசரத்தில் அந்த வேலையை முடிக்கப் பார்த்தால் மின்கம்பி வேலையையும் காற்றோட்டத்தையும்தான் முதலில் அரைகுறையாக விடுவீர்கள்; உயிருக்கு ஆபத்து வருவதும் அந்த இரண்டில்தான். இன்னொன்றும் உண்டு. மூன்று நாள் அடைமழையில் வேனுக்குள் உட்கார்ந்து அழுகை வந்தால், அது வேனால் வந்ததா, பிரிவால் வந்ததா என்று உங்களுக்கே தெரியாது. வெளியேறத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு சின்ன வாடகை அறைக்குப் போங்கள். அங்கிருந்தபடி வேனை நிதானமாகக் கட்டுங்கள். ஆறு மாதம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால் அது வேன் மீதான ஆசைதான்.

சட்டம் என் துறை அல்ல, அது நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் எங்கே இருந்தாலும், கிளம்புவதற்கு முன் குடும்பநல வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். நான் வீட்டைவிட்டுப் போனால் வீட்டின் மீதான என் உரிமை பாதிக்கப்படுமா? பொதுப்பணத்தில் வேன் வாங்கினால் அது பிரிவினைக் கணக்கில் வருமா? என் கணவருடைய ஓய்வூதியத்தில் எனக்குப் பங்கு உண்டா? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். 34 வருட மணவாழ்க்கையில் வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சொத்துப் பத்திரம், மூன்று வருட வங்கிக் கணக்கு விவரம், வரிக் கணக்கு, காப்பீட்டுப் பத்திரங்கள், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே படமெடுத்து உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் வையுங்கள். உங்கள் மருத்துவக் காப்பீடு அவர் பெயரில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், இன்சுலின் போடும் 62 வயதுக்காரருக்குப் புதிய காப்பீடு கிடைக்குமா, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பது தெரியாமல் பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவரைப் பார்த்துப் பயப்படுவதாக நீங்கள் எழுதவில்லை. எழுதாததாலேயே பயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அதனால் சொல்லிவைக்கிறேன். ஆளைத் தேட வேன் கொடுக்கும் தடயம் வீட்டைவிட அதிகம். நம்பர் பிளேட், சுங்கச்சாவடிக் கணக்கு, கூட்டு வங்கி அட்டை, கைப்பேசியில் பகிரப்பட்ட இருப்பிடம், இருவரும் பயன்படுத்தும் மின்னஞ்சல், வண்டியோடு இணைந்த செயலி என்று ஒவ்வொன்றும் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும். அவர் கை படாத கருவியில் புதிய மின்னஞ்சல் திறந்து, வங்கியையும் காப்பீட்டையும் அதற்கு மாற்றுங்கள். பழைய வண்டி வாங்கினால் முந்தைய உரிமையாளரின் செயலி இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அடி, மிரட்டல் என்ற அளவுக்கு இருந்தால் வேன் யோசனையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெண்கள் உதவி மையத்தோடு பேசுங்கள். அப்படிப்பட்ட உறவில் மிக ஆபத்தான காலம் பிரிந்து போகிற காலம்தான்.

இனி வேன். உங்கள் விஷயத்தில் திட்டத்தைத் தீர்மானிப்பது மின்சாரம். சிபேப்பும் இன்சுலின் ஃபிரிட்ஜும் ஒரு இரவுகூட நிற்கக் கூடாது. சிபேப் கருவிக்கு, ஈரமூட்டியும் சூடாக்கும் குழாயும் ஓடினால், எட்டு மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 300 முதல் 500 வாட்-மணி (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடப் பிடிக்கும் மின்சாரம் ஒரு வாட்-மணி) பிடிக்கும். அவற்றை அணைத்தால் 100 முதல் 200-க்குள் வந்துவிடலாம். ஆனால் ஈரமூட்டி இல்லாமல் தொண்டை வறண்டு நடு ராத்திரியில் முகமூடியைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு, அதனால் மருத்துவரைக் கேட்டுவிட்டே அணையுங்கள். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வெயில் நாளில் 500 வாட்-மணி வரை இழுக்கும். கூரை விசிறி, விளக்கு, கைப்பேசிக்கு 200 வையுங்கள். சிபேப்புக்கு 400 என்று கொண்டால் நாளொன்றுக்கு 1,100 வாட்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி. அதில் 85 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அதாவது ஒரு நாளுக்கே சரியாக இருக்கும். உங்களுக்குக் குறைந்தது 200 ஆம்பியர்-மணி தேவை, அது வெயில் இல்லாத இரண்டு நாளைத் தாங்கும். பழைய ஈய-அமில பேட்டரி விலை குறைவு. ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால் இதே வேலைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு அளவு வேண்டும், எடையோ மூன்று மடங்குக்கு மேல் போகும்.

இதை நிரப்ப, கூரையில் தட்டையாகப் பதித்த 400 வாட் சோலார் பேனல், நல்ல வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால், இழப்பு போக 1,100 வாட்-மணி அளவுக்குக் கொடுக்கும். கணக்கு நேராகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்திலும், குளிர்நாட்டுப் பனிக்காலத்திலும் இது கால்வாசியாகிவிடும், மரநிழலில் நிறுத்தினால் அதுவும் கிடைக்காது. ஆகவே எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 750 வாட்-மணி ஏறும். இந்த சார்ஜரைத் தவிர்த்து லித்தியம் பேட்டரியை நேரடியாக வண்டியின் ஆல்டர்னேட்டரோடு (எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தயாரிக்கும் பாகம்) இணைப்பது அடிக்கடி நடக்கிற தவறு. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, கிடைக்கிற மின்னோட்டத்தை எல்லாம் அப்படியே உறிஞ்சும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டருக்குக் குளிர்ச்சியும் குறைவு என்பதால் சுருள் கருகிவிடலாம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, கம்பியை. அதனால் கம்பி தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போடக் கூடாது. பூச்சியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெடும், குளிர்ப் பகுதிக்குப் போவதாக இருந்தால் தானே சூடாக்கிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிபேப்பை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல் அதற்கென்று விற்கும் டிசி (நேர்மின்னோட்ட) அடாப்டரில் ஓட்டுங்கள். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் தின்னும். ராத்திரி முழுக்க அது வீண். ஏசி ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 600 வாட் பிடிக்கும் சிறிய ஏசிகூட இந்த பேட்டரியை நான்கு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். வேனுக்குள் வெயிலுக்கு மருந்து, வண்டியை உயரமான, குளிர்ந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவதுதான்.

வெயில் என்றதும் இன்சுலின். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்ததை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் ஏறக்குறைய 28 நாள் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மருந்தின் தாளில் இருப்பதே இறுதி. சிறிய ஃபிரிட்ஜில் உள்சுவரை ஒட்டி வைத்த மருந்து உறைந்துபோவது உண்டு, உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. குறைந்த, கூடிய வெப்பநிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வெப்பமானி ஒன்றை மருந்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். வெளியே 27 டிகிரி இருக்கும் நாளில் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தொடும், வேனும் அதற்குக் குறைந்ததல்ல. ஃபிரிட்ஜ் நின்றால் மருந்து மட்டும் போகாது, உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் நீங்களும் ஆபத்தில் இருப்பீர்கள். வயது கூடக்கூடத் தாகம் எடுப்பதும் வியர்ப்பதும் குறையும், நீர்மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். ஸ்டியரிங்கைத் தொடுமுன் சர்க்கரை பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, ஏறிய பிறகே கிளம்புங்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் அது நல்லது.

முழங்காலுக்கு வருவோம். நிமிர்ந்து நிற்க முடியாத வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள். ஒரு நாள் குனிந்து நடக்கலாம், ஆறு மாதம் நடக்க முடியாது. சரக்கு வேனின் தளம் தரையிலிருந்து 55 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உங்களுக்கு அது ஒரே எட்டில் ஏறுகிற உயரம் அல்ல. 20 சென்டிமீட்டருக்கு மிகாத படிகளும், உடல் எடையைத் தாங்கும்படி வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்ட கைப்பிடியும் வேண்டும். பிளைவுட்டில் மட்டும் முடுக்கிய கைப்பிடி, நீங்கள் தடுமாறும் நாளில் கையோடு வந்துவிடும். படுக்கை 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் நிரந்தரமாக இருக்கட்டும். பகலில் மேசை, இரவில் கட்டில் என்று மடக்கும் அமைப்பு படத்தில்தான் அழகு. காய்ச்சலில் கிடக்கிற நாளில் அதை விரிக்க உடம்பில் தெம்பு இருக்காது. கழிப்பறை வண்டிக்குள்ளேயே, படுக்கையிலிருந்து மூன்று எட்டுக்குள் இருக்க வேண்டும், இதில் பேரம் கிடையாது. இருட்டில், மழையில், ஈரப்படியில் இறங்கித்தான் விழுவார்கள். கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துக் கொட்டும் 18 லிட்டர் கேசட் கழிப்பறை ஒருவருக்கு மூன்று நான்கு நாள் வரும். நிறைந்த தொட்டி ஏறக்குறைய 20 கிலோ, அதைத் தூக்கிச் சுமக்க முழங்கால் ஒத்துக்கொள்ளுமா என்று இப்போதே ஒரு வாளித் தண்ணீரை வைத்துப் பாருங்கள். சிரமம் என்றால் சிறுநீரைத் தனியே பிரிக்கும் வகை நல்லது. பாரம் இரண்டாகப் பிரியும், வாடையும் குறையும், ஏனென்றால் இரண்டும் கலப்பதால்தான் அந்த நாற்றம்.

காற்றோட்டத்தை அழகு வேலைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் அதிகம். தூங்குகிற ஒருவரின் மூச்சும் தோலும் இரவுக்கு ஏறக்குறைய கால் லிட்டருக்கு மேல் ஈரத்தை வெளியேற்றும். ஒரு கிலோ சமையல் எரிவாயு (எல்பிஜி) எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகும். இதெல்லாம் குளிர்ந்த தகரத்தில் படிந்து, மரப்பலகைக்குப் பின்னால் துருவாகவும் மெத்தைக்கு அடியில் பூஞ்சையாகவும் மாறும். தாழ்வாக ஒரு திறப்பு, உயரத்தில் ஒரு விசிறி, மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்ட சட்டங்கள், இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும்; அதனால் அதற்கான எச்சரிக்கைக் கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து நிற்கும், அதன் கருவி படுக்கையில் உங்கள் தலை இருக்கும் உயரத்துக்கு அருகே இருக்கட்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்குவதால் ஏதோ உடம்புக்குச் சரியில்லை என்று மறுபடி படுத்துவிடுகிறார்கள். சிபேப் உங்களைக் காப்பாற்றாது, அறையில் இருக்கிற காற்றைத்தான் அது தள்ளும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அடுப்பை வைத்து வண்டியைச் சூடாக்குவதும் கூடவே கூடாது. உங்கள் நிலையில் நான் எரிவாயுவையே தவிர்த்திருப்பேன். படுக்கைக்கும் ஒரே கதவுக்கும் நடுவில் அடுப்பு வருகிறாற்போல ஒருபோதும் அமைக்காதீர்கள். தீ பிடித்தால் வெளியேற இரண்டு வழி வேண்டும்.

தண்ணீர் பெரிய பிரச்சினை அல்ல. சிக்கனமாக இருந்தால் குடிக்க, சமைக்க, துடைத்துக் குளிக்க நாளுக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மணமில்லாத 5 சதவீத பிளீச்சை லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் கலந்து நிரப்பி, எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை கழுவி விடுங்கள்.

வண்டி வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பார். எடையைப் பார்க்கிறவர் அரிது. பெயர்த்தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் வீடு. அதில் மரவேலை, பேட்டரி, 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ, நீங்கள், உங்கள் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். பாதி வேலையில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள், அச்சு வாரியாக. பெரும்பாலும் பின் அச்சுதான் மீறியிருக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் அதில்தான் நீளும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர், வரிப்பள்ளம் தேயாமல் இருந்தாலும், இவ்வளவு பாரத்துக்கு வேண்டாம்.

இதுவரை சொன்னது அளந்து சொல்லக்கூடியது. இனி வருவது அப்படி அல்ல. இரவில் எங்கே நிறுத்தலாம் என்பது ஒவ்வோர் ஊரின் விதியையும், அந்தந்தத் தெருக்காரர்களின் மனநிலையையும் பொறுத்தது. அமைதியான இடம் என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வண்டியின் முகம் வெளியேறும் பக்கம் பார்க்க நிறுத்துவதும், கீழே இறங்காமலே ஓட்டுநர் இருக்கைக்குப் போக வழி வைப்பதும் எங்கும் உதவும். பல வாகனக் காப்பீடுகள் அதிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பதை ஏற்பதில்லை. சொல்லாமல் மறைத்தால் விபத்து நாளில் பணம் வராமல் போகலாம். நிரந்தர முகவரி இல்லாவிட்டால் வங்கி, ஓட்டுநர் உரிமம், மருத்துவர், வாக்கு எல்லாம் தடுமாறும். பிள்ளைகளில் ஒருவர் முகவரி கொடுக்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள், அந்தப் பதிலிலேயே வேறு சில விஷயங்களும் தெரிந்துவிடும். தனிமை உங்களுக்கு மருந்தாகுமா, நோயாகுமா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மௌனமான வீட்டில் பத்து வருடம் இருந்தவருக்குத் தனிமை பழக்கம்தானே என்பார்கள், எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. ஒரே கூரையின் கீழே பேசாமல் இருப்பதும், உடம்புக்கு முடியாத இரவில் கூப்பிட ஆள் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் தினமும் குறித்த நேரத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். வராவிட்டால் எத்தனை மணி நேரம் கழித்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நாள் நீங்கள் வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டிவரும். கண்புரையாலோ, சர்க்கரையாலோ, உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டோ, 70-லோ 78-லோ. அதனால் வீட்டுப் பங்காக வரும் பணம் முழுவதையும் வேனில் போடாதீர்கள். வேனின் மதிப்பு வருடாவருடம் இறங்கும். திரும்ப ஓர் அறைக்குப் போக முன்பணமும் ஒரு வருட வாடகையும் தொடாத கணக்கில் இருக்கட்டும். கூடவே வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கென்று, வருடத்துக்குப் பத்துப் பதினைந்து இரவு வெளியே தங்கும் செலவும். வீடே பட்டறைக்குப் போகும் என்பது முதல் தடவை நடக்கும்வரை யாருக்கும் உறைப்பதில்லை.

வாங்குவதற்கு முன் இதேமாதிரி வேன் ஒன்றை இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள், அதுவும் உங்கள் பகுதியின் மோசமான பருவத்தில். அதற்கும் முன்னால், இந்த வாரமே, சிபேப்பின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாட் மீட்டரை மாட்டுங்கள். மூன்று இரவு ஈரமூட்டியோடு, மருத்துவர் சரி என்றால் மூன்று இரவு அது இல்லாமல். அந்த ஆறு எண்களையும், உங்கள் உயரத்தையும், எந்தப் படி உயரத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். எந்த வேன், எவ்வளவு பேட்டரி என்று அதற்குப் பிறகு குறிப்பாகச் சொல்ல முடியும்.